பட்டாணிக்கு ஒரு வீடு

கீலுங்
16 நவம்பர் 1997

ஆ-சியோங்,

உன் அஞ்சல் பெட்டி எண்ணை உன் கூட்டாளி ஹெங்-ஜியிடம் கேட்டு வாங்கினேன். முகாமிலிருந்து நீ இரண்டு முறை போன் செய்தாய். உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். இப்போதும் உன்னோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதம் உன் பச்சோந்திக்காக.

நீ பட்டாளத்துக்குக் கிளம்பிப் போன அன்று காலையில் கடையைத் திறந்தால், மேசைமேல் ஓட்டை போட்ட ஒரு டிபன் டப்பா. மூடியில் ஒரு சீட்டு: “பாத்துக்கோ.” உள்ளே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை. பதின்மூன்று வயதில் உன்னை என் கையில் விட்டுவிட்டுச் செத்துப்போன அப்பாகூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

டப்பாவிலேயே வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. நம் பழைய தங்கமீன் தொட்டியைக் கழுவித் துடைத்து, அதில் விட்டு, பார்லரிலேயே வைத்தேன். டிரையர் ஓடுவதால் அங்கேதான் கதகதப்பாக இருக்கும். வாடிக்கைக்காரர்கள் அதற்குப் பட்டாணி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது சரியாகவே சாப்பிடுவதில்லை. நாளெல்லாம் கறுத்துப்போய், உடம்பைத் தட்டையாக்கி, வாயைப் பிளந்துகொண்டு சீறுகிறது. மீன் விற்கும் கோ அக்கா என்னைத்தான் திட்டுகிறாள். “பச்சோந்தின்னா நிறம் மாறத்தாண்டி செய்யும். அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே?”

ஆனால் இது சும்மா நிறம் மாறுவது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு எந்த மாதிரி வீடு வேண்டும்? அதை மட்டும் எழுது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. நான் கட்டிக்கொள்ளப் போகிற மனுஷன், லோ, தைச்சுங்கிலிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் வந்து, கொதிக்கிற சட்டியில் உனக்கென்று இறால் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து நீ கேட்டாய்: “எங்க அக்காவைக் கட்டிக்கப் போறீங்களா, இல்ல இந்த வீட்டையா?” இறாலை அப்படியே கரண்டியில் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். எனக்கு முப்பத்துநாலு வயசு, ஆ-சியோங்.

அக்கா பெய்-சென்


மாட்சு
2 டிசம்பர் 1997

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உறையிலேயே உன் எழுத்தைத் தெரிந்துகொண்டேன். இங்கே காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. முகாம் குலுக்கலில் இந்த மாட்சு தீவுக்குச் சீட்டு விழுந்ததற்கு எல்லோரும் எனக்காக அழுதார்கள். நான்தான் எங்கேயாவது தொலைந்தால் போதும் என்று இருந்தேன்.

கண்ணாடி, அக்கா! உன் பார்லரில் நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு இன்னொரு பச்சோந்தி தெரிகிறது. அது தனியாக வாழ்கிற பிராணி. அண்ணன் தம்பியையே கண்ணெதிரே வைத்துக்கொள்ளாது. சண்டைக்கு வந்தவன் போகவே மாட்டேன் என்கிறானே என்று அது பயந்து கறுக்கிறது. தொட்டியின் சுவரிலும் அதன் பிம்பம் தெரியும். பார்க்கிற கண்ணாடியும் வேண்டாம், தொட்டிக் கண்ணாடியும் வேண்டாம். நாலு பக்கமும் காற்று நுழைகிற வலைதான் அதற்கு வீடு. தேங்கின காற்றில் அதற்கு மூச்சுக்கோளாறு வந்துவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதே, அதன் கண்ணுக்குத் தெரியாது. இலைமேல் தெளி. சொட்டைத்தான் நக்கிக் குடிக்கும்.

முக்கியமாக, தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதே. வெந்துபோகும்.

நானே ஒரு கூண்டு செய்வதாக இருந்தேன். நாள் கிடைக்கவில்லை. வேறு யாரையாவது வைத்துச் செய், அந்த ஆள் மட்டும் இதில் கைவைக்க வேண்டாம். மாடியில் என் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்திருக்கிறேன். அது பூட்டியே இருக்கட்டும்.

ஆ-சியோங்


கீலுங்
17 டிசம்பர் 1997

ஆ-சியோங்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வெயிலில் வைக்காதே என்று எழுதியிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் வெயில் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். தெருவே மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நானும், பாவம் அதுவும் கொஞ்சம் காயட்டும் என்று தொட்டியைத் தூக்கிப் பின்கட்டு ஜன்னல் கம்பிக்கூண்டில் வைத்துவிட்டு, ஒருத்திக்குத் தலை அலசப் போனேன். அன்றைக்கு வந்திருந்த லோ, அந்தப் பக்கம் காய்ந்த துணி எடுக்கப் போனவர், தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். “பெய்-சென்! உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது!” ஓடிப்போய்ப் பார்த்தால் பட்டாணி மெழுகு மாதிரி வெளுத்து, வாயைத் திறந்தபடி கிடந்தது. அவர் அதை உள்ளங்கையில் அள்ளி, நிழலில் இருந்த செம்பருத்திச் செடியில் ஏற்றி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்றார். என் கை ஓடவில்லை. ரொம்ப நேரம் கழித்து அது ஒரு கண்ணை உருட்டியது. அப்புறம் நாக்கை நீட்டி ஒரு சொட்டை நக்கியது. தலையில் துண்டோடு கடையில் உட்கார்ந்திருந்தவளை நான் மறந்தே போனேன்.

ஆக, நீ கைவைக்க வேண்டாம் என்று எழுதிய கைதான் அதைப் பிழைக்க வைத்தது. இதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, எழுதிவிட்டேன்.

தொட்டி ஆகாது என்று தெரிந்ததும் அவர் ஒரு பெரிய கிளிக்கூண்டு வாங்கி வந்தார். காற்றோட்டமும் ஆச்சு, உயரமும் ஆச்சு. நாங்கள் இருவரும் கிளை கட்டி, கொடி கட்டி, அழகு பார்த்து முடித்தோம். பட்டாணி கம்பிக்கு நடுவே நேராக நடந்து வெளியே வந்துவிட்டது. ஏதோ சந்தைக்குக் கிளம்புகிறவள் போல, அவசரமே இல்லாமல். கடை முழுக்கத் தேடினோம். கோ அக்கா தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். “அந்த அலமாரிக்குக் கீழ பாருங்க. அட, கீழேன்னா கீழ!” அவள் உச்சந்தலையில், பச்சை ரோலருக்கும் மஞ்சள் ரோலருக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. சொன்னதும் அவள் போட்ட கூச்சலில் துறைமுகக் கப்பலே திரும்பியிருக்கும்.

இப்போது தற்காலிகமாகச் சோறு மூடுகிற வலைக்குடைக்குக் கீழே இருக்கிறது. அடுத்து என்ன செய்ய, சொல்லு.

அக்கா


மாட்சு
30 டிசம்பர் 1997

அக்கா,

கோ அக்கா கதையைப் படித்து உரக்கச் சிரித்துவிட்டேன். என்னடா என்று சுற்றி வந்தவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. எங்கள் சார்ஜென்ட் மூன்று மாதமாக யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. நேற்று வரிசையில் நிற்கும்போது என் பக்கம் குனிந்து, “ரோலர் பொம்பளைக்கு இப்ப தேவலையா?” என்று கேட்டார்.

வெயில் விஷயம் படித்தேன். பிழைத்ததே, போதும்.

குஞ்சுக்குப் பெரிய கூண்டு ஆகாது. நான் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவு இடத்தில் நீ இரைக்கு விடுகிற சில்வண்டுகள் மூலைக்கு மூலை ஒளிந்துகொள்ளும், இது தேடித் தேடிப் பட்டினி கிடக்கும். வீட்டைப் பிராணியின் இப்போதைய அளவுக்குப் பார்க்க வேண்டும். அழுக்குத் துணி போட மடக்கு வலைக்கூடை விற்பார்களே, நின்றவாக்கில் உயரமாக இருப்பது, அது போதும். அகலத்தைவிட உயரம் முக்கியம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய குச்சிகள், அதன் கால் பிடிக்கிற தடிமனில். நடுவில் இலை அடர்ந்த ஒரு செடி, மணிபிளான்ட் நல்லது. பார்க்க வேண்டாதவர்களைப் பார்க்காமல் ஒளிந்துகொள்ள. கூடையை மனுஷத் தலைக்குமேல் உயரத்தில் வை. யாராவது மேலிருந்து குனிந்து பார்த்தால் கழுகு வந்தது என்று நினைக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும் வழியில் வைக்காதே.

எனக்கு இங்கே கீழ்க் கட்டில். போகிற வருகிற சீனியர் எல்லாம் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறான். மேல்கட்டில் கேட்டிருக்கிறேன்.

கிளிக்கூண்டு வாங்கினார், சரி. ஊருக்கு ஒருவர் இப்படித்தான் நல்லவராக வருவார். நீ கடையை மூடி, வீட்டை விற்று, தைச்சுங் போய்ச் சேர்ந்த பிறகு நிறம் மாறுவார். அப்போது நீ எங்கே திரும்பி வருவாய்? நான்தான் எங்கே வருவேன்?

ஆ-சியோங்


கீலுங்
11 ஜனவரி 1998

ஆ-சியோங்,

கடைசியில் கேட்டாயே இரண்டு கேள்வி, அதை அன்றைக்கே கேட்டிருந்தால் மேசையைவிட்டு யாரும் எழுந்திருக்க வேண்டி வந்திருக்காது. பதில் இப்போது சொல்ல மாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

கூடை வாங்கியாயிற்று. பட்டாணி மூன்றாம் நாளே என் கண்முன்னாலேயே சாப்பிட்டது. நாக்கு அவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சில்வண்டு இருந்தது, அப்புறம் இல்லை. உடம்பில் இளமஞ்சள் பட்டை வருகிறது.

இப்போது சங்கடம் கூடை இல்லை, கூடை வைக்கிற இடம். கடையில் கண்ணாடியும் பெர்ம் மருந்து நாற்றமும். சமையலறையில் புகை. என் அறைக்கு ஜன்னல் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஆணி அடித்து மாட்டினால், மேலும் கீழும் போகிற ஒவ்வொருவருக்கும் அது ஒரு முறை கறுக்கிறது. இந்த வீட்டில் அமைதியும் ஜன்னலும் உள்ள இடம் ஒன்றுதான், உன் அறை.

அடுத்த வாரம் கடும் குளிர் வரும் என்று சொல்கிறார்கள். படிக்கட்டில் வாடைக்காற்று நேராக அடிக்கிறது. “பூட்டுக்காரனைக் கூப்பிடுங்க, அஞ்சு நிமிஷம்” என்றேன் லோவிடம். அவர் கேட்கவில்லை. “அவன் பூட்டிட்டுப் போயிருக்கான். அவன் சொல்லாம நான் அந்தக் கதவுல கை வைக்க மாட்டேன். எழுதிக் கேளு.” கேட்கிறேன். திறக்கலாமா? கடிதம் கிடைத்த உடனே பதில் போடு.

அக்கா


மாட்சு
25 ஜனவரி 1998

அக்கா,

சந்திர வருஷப் பிறப்புக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமா, கப்பலா? காற்று ஓயாமல் அடிப்பதால் கப்பல் வந்து ரொம்ப நாளாகிறது. வெறும் கப்பலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் செய்யலாம் என்று வரிசையில் நின்றேன், லைன் போகவில்லை.

இங்கே எலும்புக்குள் இறங்குகிற குளிர். குகை மாதிரி வெட்டிய அறையில் சுவரெல்லாம் தண்ணீர் கசிகிறது. எனக்கு மேல்கட்டில் கிடைத்துவிட்டது. இங்கேயே இப்படி என்றால் கீலுங்கில் வலைக்கூடைக்கு என்ன பாதுகாப்பு என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வலையில் காற்று வருவது போலவே குளிரும் வரும். மூன்று பக்கம் பிளாஸ்டிக் தாள் சுற்று, ஒரு பக்கமும் மேலேயும் திறந்து வை. மேல் மூலையில் ஒரே ஒரு விளக்கு. கீழே நிழலாக இருக்கட்டும். எது வேண்டுமோ அதுவே நடந்து போய் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாமலேயே எழுதுகிறேன். பட்டாணி செத்திருந்தால் நேராகச் சொல்லிவிடு. சார்ஜென்ட்கூடக் கேட்கிறார். உயிரோடு இருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ சாப்பிடுகிறாயா? வருஷப் பிறப்பு விருந்துக்கு யார் இருக்கிறார்கள்?

ஆ-சியோங்


கீலுங்
8 பிப்ரவரி 1998

ஆ-சியோங்,

கோபமும்தான், கப்பலும்தான். நான் ஜனவரியில் எழுதியது இன்னும் எந்தத் துறைமுகத்திலோ மூட்டையில் கிடக்கிறது போல. அதில் உன் அறையைத் திறக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் வருகிறவரை காத்திருக்க முடியவில்லை. திறந்துவிட்டேன்.

குளிர் வந்த அன்று படிக்கட்டுக் கூடையில் பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு, பகலிலேயே, குச்சியிலிருந்து சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் கல் மாதிரி. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நானே போய்ப் பூட்டுக்காரனைக் கூட்டி வந்தேன். என் வயிற்றுச் சூட்டில் அதன் கால் மெதுவாக என் பனியனைப் பற்றியது. அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா, உங்க சட்டை நகருதே?” என்றான். “நீ பூட்டைப் பாரு” என்றேன்.

கதவு திறந்தது. லோ வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை. அவர் வெளியிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்க, நான் உள்ளே வைத்தேன். உன் துணி அலமாரிமேல் கூடை, மூன்று பக்கம் பிளாஸ்டிக், பார்லர் விளக்கு ஒன்று. நீ எழுதிய மாதிரியேதான் செய்திருக்கிறோம், உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. விளக்கை எந்த உயரத்தில் கட்டுவது என்று அவர் வாசலில் நின்றபடியே கையைக் கூரைக்கு நீட்டி நீட்டிக் காட்டினார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் பட்டாணி விளக்கடிக்கு ஏறிப்போய், உடம்பைச் சாய்த்துச் சூடு காய்ந்தது. அப்புறம் இறங்கி இலைக்குள் போய்ப் படுத்தது. தூங்கும்போது அதன் நிறத்தை நீ பார்த்திருக்கிறாயா? இளந்தளிர்ப் பச்சை. கறுப்பே இல்லை.

வருஷப் பிறப்பு விருந்துக்கு நானும் அவரும்தான். உனக்கும் ஒரு கிண்ணம் வைத்தோம்.

கேள், முக்கியமான விஷயம். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நீ பட்டாளத்திலிருந்து திரும்புகிறவரை. வீடு விற்கிற பேச்சும் இல்லை. லோவிடம் சொன்னேன். “சரி. அவன் வரட்டும்” என்றார். அவருக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. நீ எங்கே வருவேன் என்று கேட்டாயே, இங்கேதான் வருவாய். நிம்மதியாக இரு.

அக்கா


மாட்சு
3 மார்ச் 1998

அக்கா,

உன் ஜனவரிக் கடிதமும் பிப்ரவரிக் கடிதமும் ஒரே கப்பலில் வந்தன. பின்னதை முதலில் பிரித்துவிட்டேன். திறந்துவிட்டேன் என்று படித்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் முன்னதைப் பிரித்தேன். ‘அவன் சொல்லாம நான் அந்தக் கதவுல கை வைக்க மாட்டேன்’ என்ற இடத்தில் நிறுத்தி, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காவல் வேலைக்குப் போனேன். அங்கே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் நின்றேன்.

பட்டாணி உன் சட்டைக்குள் பிழைத்ததை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சார்ஜென்ட் எனக்கு ஒரு பொட்டலம் நிலக்கடலை மிட்டாய் கொடுத்தார்.

இனி அது சீக்கிரம் வளரும். இன்னும் இரண்டு மாதத்தில் கூடை பற்றாது. திரும்பினால் வால் இடிக்கும். இப்போதுதான் பெரிய கூண்டு. இடுப்பு அகலமும், உன் நெஞ்சு உயரமும் இருக்கட்டும். அலுமினியச் சட்டம், நாலு பக்கமும் வலை; கம்பிவலை நகத்தைக் கிழிக்கும், மெத்தென்ற வலை போடணும். அடியில் தண்ணீர் வடிய ஒரு தட்டு. முன்பக்கம் இரண்டு கதவு, மேலே ஒன்று, கீழே ஒன்று. செடி மாற்றும்போது பட்டாணி பயப்படாமல் இருக்க.

ஆனால் அதைக் கீலுங்கில் செய்ய வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் அதற்கு எவ்வளவு விளக்கு போட்டாலும் காணாது. எலும்பு வளைந்துபோகும். அதற்கு நிஜ வெயில் வேண்டும், வலைவழியாகப் படுகிற காலை வெயில்.

தைச்சுங்கில் வெயில் உண்டு என்கிறார்கள். அந்த வீட்டில் பால்கனி இருக்கிறதா? எந்தப் பக்கம் பார்த்தது? கிழக்கு என்றால் நல்லது. மேற்கு என்றால் மத்தியானத்துக்குமேல் நிழல் கட்ட வேண்டும். அவரிடம் கேட்டு எழுது. கூண்டை அங்கேயே செய்யச் சொல். அவரே செய்யட்டும்.

கல்யாணத்தைத் தள்ள வேண்டாம், அக்கா. மே மாதம் எனக்கு எட்டு நாள் லீவு. அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும்?

ஆ-சியோங்


தைச்சுங்
29 மார்ச் 1998

ஆ-சியோங்,

இரண்டு நாளைக்கு இங்கே வந்திருக்கிறேன். பட்டாணியும் கூடையோடு என் மடியில் ரயிலில் வந்தது. எதிர்சீட்டு அம்மாள் அழுக்குத் துணி என்று நினைத்தாள். நான் திருத்தவில்லை.

பால்கனி தென்கிழக்கு. காலை வெயில் நேராக விழுகிறது, பத்தரைக்குமேல் எதிர்வீட்டு நிழல் வந்துவிடும். உன் கடிதத்தை அவர் நாலு முறை படித்தார். “அவரே செய்யட்டும்னா என்னைத்தானே சொல்றான்?” என்று என்னிடம் கேட்டார். “பின்ன, எதிர்வீட்டுக்காரனையா?” என்றேன். உடனே எழுந்துபோய் வலை பார்க்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மெத்தென்ற வலை எது என்று தெரிய, கடையில் இருந்த எல்லா வலையையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாராம்.

மே பதினாறு, சனிக்கிழமை. பெரிதாக ஒன்றும் இல்லை, எட்டு மேசை விருந்து. கோ அக்கா மீன் கொண்டுவருகிறாள். பட்டாணி கூண்டைவிட்டு வெளியே வராது என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் வருவாளாம்.

கீலுங் வீட்டை விற்கவில்லை. கீழ்க்கடையை வாடகைக்குக் கேட்கிறார்கள், யோசிக்கிறேன். மாடி அப்படியே இருக்கும். புதுப் பூட்டுக்குச் சாவி ஒன்று உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

பஸ் வேண்டாம், அவர் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார். கூச்ச சுபாவம், முதலில் நீ பேசு. அத்தான் என்று கூப்பிட வாய் வராவிட்டால் பரவாயில்லை, லோ என்றே கூப்பிடு. இறால் மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

இன்று மத்தியானம் பால்கனிக்குப் பக்கத்து அறையை நாங்கள் இருவரும் டேப் வைத்து அளந்தோம். கூண்டு பகலில் பால்கனியில், ராத்திரி உள்ளே. கூண்டுக்கும் இடம் விட்டு, செடிக்கும் இடம் விட்டு, மிச்ச இடத்தில் ஒரு கட்டில் போட முடியுமா என்று பார்த்தோம். ஜன்னலோரமாகப் போட்டால் உன் காலை நீட்ட இடம் இருக்கிறது.

அக்கா